அறத்தொடு நில்லாத் தோழமை

சீதனத்தைக் கண்டித்து எழுதப்படும் கட்டுரைகளுக்கு நமது பல்கலைக்கழகச் சஞ்சிகைகளில் என்றும் பஞ்சமிருந்ததில்லை. மணமகனின் பேராசை, பெற்றோரின் கையறுநிலை, சமூகத்தின் போலிக் கௌரவம் என்பன அவற்றிலே போதியளவு விசாரிக்கப்பட்டுவிட்டன. ஆயின், அந்த விசாரணைகளுக்கெல்லாம் தப்பி, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மணவறையில் நின்றுகொண்டிருக்கும் ஒருவன் உளன். அவனுக்குத் தோழன் என்று பெயர். அவனுக்குச் சற்றுத் தள்ளி, கையில் விளக்கோடு நிற்பவளுக்குத் தோழி என்று பெயர். இவ்விருவரையும் இவர்களைச் சூழ நிற்போரையும், நிற்க விடப்படாதோரையும் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகின்றது. யாழ்ப்பாணத்துச் சைவத் தமிழரிடையே வழங்கும் மணமுறையே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. மட்டக்களப்பின் தாய்வழிக் குடிமுறையும் மலையகத்தின் மணமரபுகளும் வேறு தன்மையன. அவற்றை அவ்வப் பகுதியைச் சார்ந்தோர் எழுதுவதே பொருந்தும்.

தோழனுக்கென மரபு விதித்துள்ள கடமைகள் யாவரும் அறிந்தவை. அவன் பெரும்பாலும் மணமகளின் உடன்பிறந்தவன். உடன்பிறந்தான் இல்லாதவிடத்து அம்முறையான ஒருவன். மாப்பிள்ளை அழைப்புக்குச் சென்று மணமகனை அழைத்து வருவதும், பந்தல் வாயிலில் மணமகனின் கால்களை நீர்விட்டுக் கழுவுவதும், அதற்குக் கைம்மாறாக மணமகன் விரலில் அணிவிக்கும் மோதிரத்தை ஏற்பதும், மணவறையில் அவனுக்கு அருகே இருப்பதும் அவனுடைய பணிகள். தோழி பெரும்பாலும் மணமகனின் உடன்பிறந்தவள். கூறைத் தட்டத்தோடு வருவதும், தாலி கட்டும் வேளையில் மணமகளுக்குப் பின்னே விளக்கேந்தி நிற்பதும் அவளுடைய பணிகள். இரண்டு குடும்பங்களும் தத்தம் பிள்ளைகளில் ஒருவரை மற்றக் குடும்பத்துக்குத் துணையாகக் கொடுக்கும் அழகிய ஏற்பாடு இது என்று கூறுவோர் உளர். வடிவத்தை மாத்திரம் நோக்கின் அக்கூற்றுச் சரியே. உள்ளடக்கம் என்ன என்பதே நமது கேள்வி.

தங்கையரின் சீதனத்துக்காகத் தன் திருமணத்தை ஒத்திவைத்த தமையன் நமது சமூகத்தில் அரிய பிறவி அல்லன். ஒரு காலத்தில் அவன் கொழும்பிலே எழுதுவினைஞனாக இருந்து கொட்டப்பெட்டி நிறையும்வரை காத்திருந்தான். 1980களின் பின்னர் அவன் பாரிஸிலோ ரொறன்ரோவிலோ உணவகமொன்றின் பின்கட்டில் இரவு முழுவதும் கோப்பை கழுவி அனுப்பிய பணம் இங்கே காணியாகவும் நகையாகவும் மாறியது. இவ்வாறு கொடுத்தவன் திருமண நாளன்று வந்து, பெற்றவனின் காலையும் கழுவுகின்றான். கடன்பட்டவனும் அல்லன், குற்றம் இழைத்தவனும் அல்லன்; கொடுத்தவன். கொடுத்தவன் குனிய வேண்டும், பெற்றவன் காலை நீட்ட வேண்டும் என்பது எந்த அறநூலின் விதி? விருந்தினனை உபசரிக்கும் பண்பு அது என்றால், மணமகன் வீட்டுக்குப் பெண் போகும்போது அவளுடைய காலை யார் கழுவுகின்றார்கள்?

தோழியின் நிலை இதனினும் நுட்பமானது. மணமகனின் பெற்றோர் கையிற் காசாகப் பெறும் தொகைக்கு யாழ்ப்பாணத்தில் 'டொனேசன்' என்று பெயர். நன்கொடை எனப் பொருள்படும் இச்சொல்லை இதற்குத் தெரிந்தெடுத்தவர் எவராயினும் அவரது நகைச்சுவை உணர்வு பாராட்டத்தக்கது. இத்தொகை பெரும்பாலும் மணமகனின் தங்கைக்குச் சீதனமாகப் போய்ச் சேரும் என்பது ஊரறிந்த இரகசியம். அத்தங்கைதான் இப்போது விளக்கேந்தி நிற்கின்றாள். ஆகவே மணவறையின் ஒரு பக்கத்தில் பணம் எங்கிருந்து வந்ததோ அவன் நிற்கின்றான். மறுபக்கத்தில் பணம் எங்கே போகவிருக்கின்றதோ அவள் நிற்கின்றாள். வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதிய கணக்கேடு ஒன்றுக்கு நாம் பூமாலை சூட்டித் தோழமை என்று பெயரிட்டுள்ளோம். இன்று காலைக் கழுவும் தோழன் நாளை தன் திருமணத்திலே தன் காலை நீட்டுவான் என்பதும், இன்று விளக்கேந்தும் தோழி நாளை தலைகுனிந்து இருப்பாள் என்பதும் இக்கணக்கின் அடுத்த பக்கங்கள். இதில் எவரையும் தனிமனிதராகப் பழிப்பதற்கில்லை. சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் முன்னையதால் இழுக்கப்பட்டே பின்னையதை இழுக்கின்றது. ஆனால் இழுக்கப்படுகின்றோம் என்பதை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும் பொறுப்பு ஒன்றாக இருக்க முடியாது.

'எங்கள் பண்பாட்டில் சீதனம் பெண்ணுக்குரிய சொத்து. தேசவழமை அவ்வாறுதான் கூறுகின்றது' என ஒரு வாதம் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் 1707 அளவில் தொகுத்தளித்த தேசவழமையிலே சீதனம் தாய்வழியாக மகளுக்குச் செல்லும் சொத்தாகவே காணப்படுகின்றது என்பது உண்மை. அதே யாழ்ப்பாணத்துக்கென 1911 இல் ஆக்கப்பட்ட திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும் என விதித்ததும் உண்மை. பெயர் அவளுக்கு, பிடி அவனுக்கு. டொனேசனோ அந்தப் பெயரளவிலேனும் அவளுடையதன்று.

மணவறையில் ஏறாத மூவரைப் பற்றியும் இங்கு கூறவேண்டும். பொருத்தம் பார்த்த சாத்திரியார், பேசி முடித்த தரகர், சீதன உறுதி எழுதிய நொத்தாரிசு ஆகிய மூவருமே திருமணத்தை உண்மையில் நடத்தி வைத்தவர்கள். நிழற்படத்தில் இவர்கள் இல்லை. மணவறையில் நிற்பவர்கள் எதையும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்கள் எவரும் மணவறையில் நிற்கவில்லை. தோழனுக்கும் தோழிக்கும் நமது காலத்தில் எஞ்சியிருக்கும் கடமை, அந்தத் தீர்மானங்களைப் பட்டுத்துணியால் மூடிக்காட்டுவது ஒன்றே.

தோழி என்னும் சொல் தமிழிலக்கியத்தில் எத்தகைய கனதியோடு வழங்கியது என்பதை எண்ணும்போது இவ்வீழ்ச்சி இன்னும் துலக்கமாகத் தெரிகின்றது. தமிழ் சிறப்புக்கலை பயில்வோர் முதலாண்டிலேயே அறியும் விடயம் இது. அகத்திணையிலே தலைவிக்காகப் பேசுபவள் தோழி. களவை நீடிக்க விரும்பும் தலைவனை எதிர்கொண்டு, எப்போது வரைந்துகொள்வாய் என வற்புறுத்துபவள் அவள். தலைவிக்கு வேற்றிடத்து மணம் பேசப்படுமாயின், செவிலியிடம் சென்று, இவள் மனம் இன்னானிடத்தது என்று வெளிப்படுத்துபவள் அவள். அதற்கு இலக்கணகாரர் இட்ட பெயர் அறத்தொடு நிற்றல். தொல்காப்பியம் அதனை எழுவகைப்படுத்தி, உண்மையை உள்ளவாறே செப்புதலை அவற்றின் இறுதியில் வைக்கின்றது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளில் அமைந்தது. அது முழுவதும் செவிலியின் முன் தோழி அறத்தொடு நின்று பேசும் பேச்சு. தன் தோழி விரும்பியவனையே அவள் மணத்தல் வேண்டும் என்பதற்காக ஒருத்தி 261 அடிகள் பேசினாள். இன்றைய மணவறைத் தோழி ஓர் அடி பேசியதை நாம் கேட்டதுண்டா?

சங்ககாலத்தைப் பொற்காலமாக்குவது எனது நோக்கமன்று. தோழியைச் செவிலியின் மகள் எனத் தொல்காப்பியம் கூறுவதிலிருந்தே அவள் ஏவல்செய்யும் குடும்பமொன்றின் பெண் என்பதை ஊகிக்கலாம். புரோகிதரைக் குறிப்பிடாமலே திருமணக் காட்சியை வருணிக்கும் அகநானூற்று 86 ஆம் பாடலிற்கூட, மணமகளை நீராட்டும் நால்வரும் புதல்வரைப் பெற்ற மகளிராகவே இருக்கின்றனர். கைம்மை நோன்பின் கொடுமையைப் புறநானூறு பேசுகின்றது. ஏற்றத்தாழ்வும் மங்கல அமங்கலக் கணக்கும் அன்றே இருந்தன. எனினும், அருகே நிற்பவளுக்கு வாயொன்று உண்டு என்பதையும், அந்த வாய் பெண்ணின் விருப்பத்துக்காகவே திறக்க வேண்டும் என்பதையும் அந்த இலக்கியம் ஏற்றுக்கொண்டிருந்தது. நாமோ பெயரை வைத்துக்கொண்டு வாயைத் தைத்துவிட்டோம். தேர்வுத்தாளிலே அறத்தொடு நிற்றலை உதாரணங்களுடன் விளக்கிச் சித்தியடைந்தவர்களே விடுமுறைக்கு ஊர் சென்று, சிநேகிதியின் விருப்பமில்லாத திருமணத்தில் ஒரே நிறச் சேலையுடுத்து நிற்கின்றார்கள். இலக்கியக் கல்விக்கும் வாழ்க்கைக்கும் இடையே இத்தகைய நீண்ட இடைவெளி இருக்குமானால், அந்தக் கல்வியின் பயன் குறித்து விரிவுரையாளர்களும் சிறிது கவலைப்படலாம்.

இனி, தோழன் தோழி என்ற கௌரவப் பெயர்கள் இல்லாமலே கலியாண வீட்டின் சுமையைச் சுமந்தோர். பொன்னுருக்கிய ஆசாரி, மணமகனுக்குச் சவரம் செய்த நாவிதர், பந்தலுக்கு வெள்ளை கட்டி மணமக்களின் காலடியில் நிலபாவாடை விரித்த சலவைத் தொழிலாளர், மேளகாரர், விறகு பிளந்தோர், நீர் இறைத்தோர், எச்சில் இலை எடுத்தோர். இவர்களுட் பலரை யாழ்ப்பாணச் சமூகம் குடிமக்கள் என்று அழைத்தது. அரசறிவியல் விரிவுரையிலே குடிமகன் என்ற சொல்லுக்கு நாம் கேட்கும் பொருள் உரிமைகளோடு கூடியது; கலியாண வீட்டுப் பந்தலிலே அதற்கிருந்த பொருள் கடமைகள் மாத்திரமே கொண்டது. அவர்கள் விரித்த துணிமீது மணமக்கள் நடந்தனர். அவர்களோ அதே வீட்டின் பந்தியில் அமர முடியவில்லை. மறுபுறத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் வீட்டுத் திருமணத்தில் மேளம் ஒலிக்கச் செய்வதும் பந்தலில் வெள்ளை கட்டுவதும் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. மங்கலம் என்பதே ஒரு சாராரின் தனியுடைமையாக இருந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972 இல் வெளிவந்தபோது முகஞ்சுளித்தவர்கள், அந்நாவல் காட்டிய வாழ்வைக் கண்டு அதற்கு முன்னர் முகஞ்சுளித்ததாகத் தெரியவில்லை.

1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சாதி பார்ப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டம் புழக்கத்துக்கு வருவதற்கே 1960களின் பிற்பகுதியில் மாவிட்டபுரம் வரை போராட்டங்கள் தேவைப்பட்டன. கலியாண வீட்டின் பந்தி எந்தச் சட்டத்தின் கைக்கும் எட்டாத இடம். இன்று மண்டபங்கள் வந்துவிட்டன. சோடனைக்கும் சமையலுக்கும் கூலிக்கு ஆட்கள் வருகின்றனர். குடிமை உறவு காசு உறவாக மாறியுள்ளது. இது ஒருவகையில் முன்னேற்றமே என்பதை மறுக்க வேண்டியதில்லை. கூலி பெறுபவன் வேலை முடிந்ததும் நிமிர்ந்து செல்லலாம். ஆயினும் அழைப்பிதழ் யாருக்கு நேரிற் கொடுக்கப்படுகின்றது, யாருக்கு வேலியோடு நின்று சொல்லப்படுகின்றது என்பதைக் கவனித்தவர்களுக்கு, மாறாதது எது என்று விளக்கத் தேவையில்லை. படித்த தோழன் நினைத்தால் வேலிக்கு அப்பாலுள்ள தன் பள்ளித் தோழனைத் தன் பக்கத்தில் நிறுத்தலாம். எத்தனை பேர் நிறுத்தியுள்ளனர்?

எனினும் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது வேறொன்று. 2009 இல் போர் முடிவுற்றபோது வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் பெண்கள் கணவனை இழந்தவர்களாக, அல்லது அவன் உளனோ இலனோ என்று அறியாதவர்களாகக் குடும்பங்களைத் தாங்கி நின்றனர். அன்று அவர்கள் கைப்பிடித்து நடந்த பிள்ளைகள் இன்று நம்மோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கின்றனர். சிலருக்குத் திருமணமும் நடைபெறுகின்றது. அத்திருமணங்களில் நடப்பது என்ன? கன்னிகாதானத்தைத் தம்பதியாகவே செய்தல் வேண்டும் என்று குருக்கள் கூறுகின்றார். தையல் மெசினை மிதித்தும், கோழி வளர்த்தும், முகாமிலிருந்து முகாமுக்குப் பிள்ளையைச் சுமந்தும் அவளைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த தாய் மணவறைக்கு வெளியே நிறுத்தப்படுகின்றாள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறையேனும் வாசற்படி மிதிக்காத சிறிய தந்தையும் அவர் மனைவியும் வந்து, பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்க்கின்றார்கள். பாலறுகு வைப்பதற்கு அத்தாய்க்கு உரிமையில்லை. ஆரத்தி எடுப்பதற்கு இல்லை. நான் கண்ட ஒரு திருமணத்தில், அவ்வாறான தாய் பலகாரத் தட்டுகளை எண்ணிக்கொண்டு சமையற்கட்டு வாசலில் நின்றார். கெட்டிமேளம் கேட்டபோது எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பங்கு. மனைவியை இழந்த தந்தையும் தனித்துத் தாரை வார்த்தல் ஆகாது என்று இதற்குச் சமாதானம் கூறுவோர் உளர். அவன் எதிரே வந்தால் சகுனப்பிழை என்று எவரும் சொல்வதில்லை என்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

போரிலே இறந்தோருக்கு விளக்கேற்றிக் கவிதை வாசிக்கும் நாம், அவர்களுடைய மனைவியர் தம் பிள்ளையின் திருமணத்தில் விளக்கேற்றுவதை அமங்கலம் என்கின்றோம். இதைவிடப் பெரிய இரட்டை வேடம் நமது சமூகத்தில் உண்டா என்பது எனக்குத் தெரியவில்லை. குருக்களைக் குறைகூறிவிட்டு நாம் தப்ப முடியாது. அவர் தனியொருவர், மண்டபத்தில் இருப்போர் ஐந்நூறு பேர். அம்மாவும் வந்து நிற்கட்டும் என்று சொல்லத்தக்க நெருக்கத்தில், மணவறை மீதே, தோழனும் தோழியும் இருக்கின்றார்கள்.

புதிதாக முளைத்த பதவிகள் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மேலைநாட்டுத் தேவாலய மணங்களைப் பார்த்துப் பூத்தூவும் சிறுமியரும், வரிசையாக ஒரே நிறத்தில் ஆறேழு தோழியரும் வந்துவிட்டனர். இவர்கள் அனைவருக்கும் மேலாக ஒளிப்பதிவாளர் வந்துள்ளார். அவர் கையசைத்தால் தாலி கட்டிய கை மீண்டும் ஒருமுறை கட்டுகின்றது. அறுகரிசி தூவிய பெரியவர் திரும்ப வந்து தூவுகின்றார். சடங்கை மாற்றவே கூடாது என்று வாதிப்போர் ஒளிப்பதிவாளருக்காக அதனை மாற்றுவதில் தயக்கம் காட்டுவதில்லை. மரபு அத்துணை இறுக்கமானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

மரபுவாதிகளுக்கு மறுமொழி கூறுவது எளிது. கடினமானது, எல்லாவற்றையும் வெறுஞ் சடங்கு என்று தள்ளிவிடும் நமது முற்போக்கு நண்பர்களுக்கு மறுமொழி கூறுவது. எழுத்து மட்டும் போதும், தோழனும் வேண்டாம் தோழியும் வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. தமிழகத்தில் 1967 இல் இந்து திருமணச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம், புரோகிதர் இன்றி உறவினர், நண்பர் முன்னிலையில் நிகழும் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கியது. சமூக சீர்திருத்த வரலாற்றில் அது பெரும் சாதனை. ஆனால் அச்சட்டமே நண்பரை நீக்கிவிடவில்லை. புரோகிதர் இருந்த இடத்தில் நண்பரை வைத்தது என்பதைக் கவனித்தல் வேண்டும். மந்திரத்தை நீக்கிய மேடையிலும் டொனேசன் தாராளமாக ஏறி அமரலாம். அதனைத் தடுப்பது சடங்கின் இன்மையன்று. அருகே நிற்பவர்களின் உறுதி. இரண்டு பேர் சேர்ந்து வாழப்போகும்போது அவர்களுக்காகப் பேசுவதற்கு வேறு இரண்டு பேர் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் மூடநம்பிக்கை அன்று. நமது முன்னோர் யோசித்தவற்றில் மிகச் சிறந்தவற்றுள் அது ஒன்று என்றே நான் கருதுகின்றேன்.

நமது நாட்டின் 1907 ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இதனைத் தன் வழியில் ஏற்கின்றது. பதிவாளர் முன்னிலையில் மணமக்களோடு இரண்டு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். கால் கழுவுபவனையோ விளக்கேந்துபவளையோ சட்டம் கேட்கவில்லை, சாட்சிகளைக் கேட்கின்றது. நடைமுறையில் அந்தக் கையொப்பங்களை இடுவோர் குடும்பத்தின் செல்வாக்குள்ள பெரியவர்கள்; பெரும்பாலும் ஆண்கள். தோழனும் தோழியும் அவ்வேளையில் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்கின்றார்கள். அந்த இரண்டு கையொப்பங்களும் இவர்களுடையவையாக வேண்டும். பெண் வீட்டாருக்கொருவன், மாப்பிள்ளை வீட்டாருக்கொருத்தி என்ற முறை ஒழிந்து, மணமகளும் மணமகனும் தாமே தெரிந்தெடுத்தவர்கள், எந்த ஊரவராயினும் எந்தச் சாதியினராயினும் மதத்தினராயினும், அவ்விடத்தில் நிற்க வேண்டும். எதற்குச் சாட்சியாக நிற்கின்றோம் என்பதை முன்னரே விசாரித்து அறிந்தபின்பே அவர்கள் பேனையை எடுக்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார்க்கு ஒன்று சொல்லலாம். சீதனச் சந்தையில் விலை உயர்ந்த பண்டங்கள் இவ்வளாகத்திலிருந்தே செல்கின்றன. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று பட்டத்துக்கேற்ப விலை ஏறுகின்றது. கலைப்பீடத்தவரான நமக்கு விலை சற்றுக் குறைவு, அவ்வளவே. ஆகவே மறுப்பும் இங்கிருந்து தொடங்க முடியும். வரும் ஆவணியில் நமக்கு மேல்வகுப்பில் இருந்த சிலருடைய திருமணங்கள் நடைபெறவுள்ளன. தோழனாகவும் தோழியாகவும் நம்மிற் சிலர் அழைக்கப்பட்டிருக்கின்றார்கள். தலைப்பாகைக்கும் சேலைச் சட்டைக்கும் அளவு கேட்கப்பட்டிருக்கும். அளவு கொடுக்கும் முன்னர் அவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். பெண்ணைத் தனியே கண்டு கேட்க வேண்டியது ஒன்று: உனக்கு இது விருப்பமா? மணமகனைக் கேட்க வேண்டியது ஒன்று: உன் வீட்டார் கையிற் காசு எவ்வளவு வாங்கினார்கள்? இரு வீட்டாரையும் கேட்க வேண்டியது ஒன்று: தாலி கட்டும்போது அம்மா எங்கே நிற்பார்? மூன்றுக்கும் விடை வரும்வரை தையற்காரர் காத்திருக்கட்டும்.